தூப்: புணேயின் நெய்ச் சொல்

புணேயில் பந்தியில் உட்கார்ந்தால், சோற்றின் மேல் துவரம்பருப்பு விழுந்த கையோடு "தூப் வாடூ கா?" என்று கேட்பார்கள். நெய் விடட்டுமா என்று பொருள். பருப்புச் சோற்றுக்கு நெய் நமக்கும் பழக்கம்தான். சொல்தான் வேறு. பூரண் போளிக்கும் அதுதான். பிள்ளையார் சதுர்த்தியன்று ஆவியில் வெந்த மோதகத்தின் உச்சியைப் பிட்டு, உள்ளே ஊற்றுவதும் அதுதான்.

அண்டை மொழிகளான இந்தியிலும் குஜராத்தியிலும் நெய்க்கு 'கீ' என்று பெயர். வடமொழியின் 'கிருதம்' தேய்ந்து வந்த சொல் அது. அதே குடும்பத்து மராத்தியோ 'தூப்' என்கிறது. கன்னடத்திலும் துளுவிலும் நெய் 'துப்ப'. பிராகிருதத்திலும் 'துப்ப' உண்டு. திராவிட மொழியிலிருந்து ஏறிய சொல் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. மராத்திக்கும் கன்னடத்துக்கும் இடையே நூற்றாண்டுகளாக ஆளும் மாடும் சந்தையும் போய்வந்த நிலத்தில், அடுப்படிச் சொல் ஒன்று எல்லை கடந்ததில் வியப்பில்லை. அரண்மனைச் சொற்களைவிட அடுப்படிச் சொற்கள் ஆழமாக வேர் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

தமிழில் 'நெய்' இன்னும் அகன்ற சொல். எள்ளின் நெய் எண்ணெய். வெள்ளை நெய் வெண்ணெய். பிறகு எள்ளை மறந்து, தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், கடைசியில் மண்ணெண்ணெய் வரை வந்துவிட்டோம். தூப் அப்படிப் பரவவில்லை. நெடுங்காலம் வெண்ணெயை உருக்கினால் வருவது மட்டுமே தூப்.

அந்த உருக்குதலைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மராத்தி வீடுகளில் வெண்ணெய்க்கு லோணி என்று பெயர். அடுப்பிலேற்றினால் சடசடவென்று நீர் வற்றும், வெள்ளை நுரை பொங்கும். சத்தம் அடங்கியதும் நுரை விலகி, அடியில் பால்கசண்டு பொன்னிறமாகும். நாம் முருங்கைக்கீரை போடும் அந்த நேரத்தில் அவர்கள் ஒரு வெற்றிலை போடுவார்கள். அடிக்கசண்டுக்குப் பெயர் 'பேரி'; அதில் சர்க்கரை கலந்தால் பிள்ளைகள் சட்டியை விடமாட்டார்கள். அப்போதே காய்ச்சிய நெய் 'லோணகடீ தூப்'. அப்போதே புனைந்த பொய்க்குக்கூட 'லோணகடீ தாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1937இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கிய பண்டம். மராத்தியில் அதற்கு விழுந்த பெயர் 'வனஸ்பதி தூப்'. நெய்யின் பெயரோடு நெய்யின் மீதிருந்த நம்பிக்கையும் அதற்குப் போனது. உண்மையான நெய்யோ 'சாஜூக் தூப்' என்று அடைமொழி சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்தது. ஃபர்ஃபுராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் இருப்பது சிவப்பாகத் தெரிந்துவிடும்.

கலப்படத்தைவிடப் பெரிய கேடு அந்தப் பண்டத்துக்குள்ளேயே இருந்தது. ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதை இறக்கும் என்று 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும் காட்டினார்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். டால்டா வந்து மூன்று தலைமுறைக்குப் பிறகு. 'தூப்' என்ற பெயர் இல்லாதிருந்தால் அந்த டப்பா இத்தனை அடுக்களைகளுக்குள் இவ்வளவு எளிதாக நுழைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காகப் பசுநெய்யை மருந்தென்று கொண்டாடவும் முடியாது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் நிறைவுற்ற கொழுப்பு; கிராமுக்கு 9 கலோரி. உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டியே தாராளம். ஆனால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். அது போதாத தட்டுகளும் உண்டு.

அந்தத் தட்டுகளைப் பார்த்ததும் புணேதான். கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் குழு, 1993 முதல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளைவிடத் தசை வெகுவாகக் குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலில் கொழுப்பு. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கும் உடல்வாகு இது. 797 தாய்மார்களின் உணவைக் கணக்கெடுத்து 2001இல் வெளியிட்ட கட்டுரையில், 18ஆம் வாரத்தில் கொழுப்பு கூடுதலாக உண்டவர்களின் குழந்தைகள் எடையிலும் நீளத்திலும் சற்று மேலாக இருந்தன. பால், கீரை, பழம் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகளும் அப்படியே. "நெய்யை விட்டுவிடுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடும் இந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.