நன்கொடையால் எழுந்த நினைவாலயம்

ஹாலிஎல நிலையத்தைக் கடந்ததும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையில் முடிவடைகிறது. அந்நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் ஒரு மின்னலின் நினைவாக எழுந்தது.

பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கிய மேஜர் ரொஜர்ஸ், 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பேசப்பட்டவர். 1845 ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். நண்பரும் அபிமானிகளும் எழுப்பிய ஆலயம் 1857இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. உள்ளே பதித்த நினைவுக்கல் அவர் கதையைக் கூறும்.

கட்டுவதற்குப் பொருள் திரட்டலாம். காப்பதற்குத் திரட்டுவதே அரிது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளையே பழைமையின் எல்லையாக வகுத்தது. பின்னெழுந்த ஆலயங்களின் ஆசனங்களும் மணிகளும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றன. இங்கிலாந்திலோ மணி, இசைப்பேழை, வண்ணக்கண்ணாடி ஆகியவற்றைப் பேணத் திருச்சபையின் கட்டடப் பேரவை மானியம் வழங்கி வந்துள்ளது.

மானியம் நாடுவோர் முதலில் செய்யத்தக்கது, ஒவ்வொரு பொருளின் வயதையும் பழுதையும் படத்துடன் பதிவதே. அறியாது பூசும் ஒரு கைப் பூச்சு, நூறாண்டு மரத்தின் வரலாற்றை மறைத்துவிடும். பதிவேடில்லாப் பொருளுக்காக எவரிடம், எதைச் சொல்லி உதவி கேட்பது?