பெருநோயும் பரம்பரையும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. ஒருவர் தறியில் அமர்வார். ஒருவர் நூல் சுற்றுவார். கோர்வைச் சேலையாயின் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் துணை வேண்டும். பகலெல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் வாழ்க்கை. இத்தகைய நெருக்கமான வீடு எதிலேனும் முற்காலத்தில் பெருநோய், அதாவது தொழுநோய், புகுந்தால் ஒரு விந்தை நிகழும். அண்ணனைப் பற்றிய நோய் தம்பியை விட்டுவிடும். பாட்டனுக்கு இருந்தது பேரனிடம் தலைகாட்டும். இதைக் கண்ட ஊரார், "அது அவர்கள் குலத்து வியாதி" என்று முடிவு கட்டினர். அதோடு நில்லாமல், அவ்வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் மறுத்தனர்.

பாமரர் மட்டுமா இவ்வாறு எண்ணினர்? நார்வே நாட்டின் பெரும் மருத்துவர் டேனியல்சன் 1847இல் வெளியிட்ட நூலில் இந்நோய் பரம்பரையாக வருவதென்றே வாதிட்டார். அதை மெய்ப்பிக்க நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். நோய் வரவில்லை! ஆகவே இது தொற்றுநோயன்று என்று உறுதி கொண்டார். 1867இல் லண்டன் ராஜ வைத்தியக் கல்லூரியும் அதே தீர்ப்பை வழங்கியது. ஆனால் 1873இல் டேனியல்சனின் சொந்த மருமகனான ஹான்சன், தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். மாமனாரின் கொள்கையை மருமகன் வீழ்த்திய கதை மருத்துவ வரலாற்றில் அரிது. இந்தியாவில் 1890-91இல் ஆராய்ந்த தொழுநோய்க் கமிஷனும் இது பரம்பரை நோயன்று என்றே கூறிற்று.

அப்படியாயின், கிருமி உலவும் வீட்டில் எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை? இக்கேள்விக்கு நம் வட்டாரத்தில் மிகுந்த இடமிருந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இந்நோய் பெருகியிருந்தது. காஞ்சிபுரம் அம்மாவட்டத்து ஊரே. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் காக்ரேன் பணியாற்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தை மத்திய அரசு ஏற்று, 1955இல் ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டில் போளம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர்கள் மரத்தடிகளிலேயே சிகிச்சை தொடங்கினர்.

ஒரு குடும்பத்தார் மரபை மட்டுமன்றி, வீட்டையும் வறுமையையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவற்றைப் பிரித்தறிவது எப்படி? அதற்கு இரட்டையர் உதவினர். உருவொத்த இரட்டையர் மரபணுவிலும் ஒத்தவர். மற்ற இரட்டையரோ சாதாரண உடன்பிறப்புகள் போன்றவர். இந்திய இரட்டையரை ஆராய்ந்து சக்ரவர்த்தி, ஃபோகல் என்னும் இருவர் 1973இல் முடிவை வெளியிட்டனர். உருவொத்த 62 இணைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 இணைகளில் இருவருக்குமே நோய் இருந்தது. மற்ற 40 இணைகளில் நூற்றுக்கு 20 மட்டுமே. மாணவர்கள் அந்த 60ஐ மட்டும் பார்த்தல் கூடாது. எஞ்சிய 40இல் மரபு அத்தனையும் ஒன்றாக இருந்தும் ஒருவர் தப்பினார் அன்றோ! பாவு ஒன்றாயினும் ஊடை வேறாயின் துணி வேறாகும் என்பதைக் காஞ்சி நெசவாளருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

2001இல் 224 தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மையோடு தொடர்புடைய ஒரு பகுதியைப் பத்தாவது குரோமோசோமில் சுட்டினர். 2004இல் வியட்நாமியரிடையே ஆறாவது குரோமோசோமிலும் ஓரிடம் புலப்பட்டது. கிருமியை அடையாளங் கண்டு எதிர்க்கும் உடலின் காவல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நூற்றுக்குச் சுமார் 95 பேரின் உடல் இக்கிருமியை இயல்பாகவே அடக்கிவிடும். டேனியல்சனும் அவர்களுள் ஒருவராய் இருந்திருக்கக் கூடும். அவர் தம் உடலில் கண்டது நோய் தொற்றாமை அன்று, தம் எதிர்ப்பாற்றலே எனலாம்.

ஆக, பரம்பரையாக வருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மையில் ஒரு பங்கே. அத்தன்மை உடையவரையும் 1980களில் வந்த கூட்டு மருந்து ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாக்கிவிடுகிறது. ஊராரின் பழைய தீர்ப்பு மட்டும் ஏடுகளில் நெடுங்காலம் தங்கியிருந்தது. விவாகரத்துக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த விதிகளை இந்தியப் பாராளுமன்றம் 2019இல்தான் நீக்கிற்று.