கரகம் ஒரு தலையில், பேச்சு இன்னொரு வாயில்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியெல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி. வெள்ளாமை வீடு வந்து, கையில் நாலு காசு புரளும் மாசி மாதத்தில் ஊர்ப் பொங்கல்கள் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஊர் ஊராக நகர்ந்து, ஆடிக் கடைசி வெள்ளியன்று சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஜனம் கூடும்வரை இந்த வட்டாரத்தில் இரவுகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வீடு வரி பிரித்து, சாமிக்கு ஒரு கரகம், சனத்துக்கு ஒரு கரகம் என்று ஊர் ஏற்பாடு செய்யும். முதலாவது பூசாரி தலையில் ஏறும் சக்திக் கரகம். இரண்டாவதுக்குப் பேர் ஆட்டக் கரகம். அதற்கு முன்பணம் கொடுத்து ஒரு ‘செட்டு’ பேசி வருவார்கள்.

செட்டு என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஆடுகிற பெண்கள், ஒரு பபூன். இந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை. கரகத்தைத் தலையில் நிறுத்தி, தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நிற்பது, பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பது, அடுக்கிய குடங்கள் குலையாமல் சுற்றுவது ஆகிய வித்தைகளுக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன, விருதுகள் இருக்கின்றன, ஆராய்ச்சிப் பட்டங்கள்கூட இருக்கின்றன. ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் நடுவே பபூனும் தவில்காரரும் பேசும் பேச்சுக்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை.

அந்தப் பேச்சின் சாயலைக் காட்ட ஒரு மாதிரி:

‘ஏ மதினி, தலையில என்ன அது?’

‘கரகம்.’

‘உள்ள என்ன இருக்கு?’

‘அரிசி.’

‘ஊரே கேப்பைக் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கு, நீங்க அரிசியைத் தலையில வச்சு ஆடுறீகளே, கீழ விழுந்தா எங்களுக்கு எம்புட்டுப் பங்கு?’

‘விழுந்தாத்தானய்யா பங்கு!’

தவிலில் ஓர் உருட்டு. கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் அவள் தாம்பாளத்தில் ஏறியிருப்பாள்.

இதைச் சும்மா இடைவெளி நிரப்புகிற வேலை என்று நினைப்பது பிழை. ஆடுகிறவளுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் கூட்டம் கலையக் கூடாது. அடுத்து வரப்போகும் வித்தையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சனத்துக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆனால் மிரட்டக் கூடாது. மேலே உள்ள பேச்சில் ‘விழுந்தா’ என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இனி யாருடைய கண்ணும் கரகத்தை விட்டு அகலாது. தவறிக் கரகம் சாய்ந்துவிட்டாலும், ‘அந்தா, பங்கு வந்திருச்சு!’ என்று பபூன் ஓடிவர வழி இருக்கிறது. தலையில் பாரம் இருக்கும் பெண் நீளமாகப் பேச முடியாது, கழுத்து அசையும். அதனால் அவளுக்கு எப்போதும் ஒற்றைச் சொல் பதில், கடைசி வெட்டு அவளுக்கு. நீளமெல்லாம் பபூனுக்கு. உடம்பின் நிலைமைதான் இங்கே வசனத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆண் நீட்டி முழக்கிக் கேட்பதும் பெண் ஒரே வார்த்தையில் அவனைக் கவிழ்ப்பதும் இந்தக் கலையில் தானாகவே விளைந்த ஒரு நியாயம்.

வித்தையையும் பேச்சையும் இப்படிச் சேர்த்துக் கட்டுவது தமிழுக்குப் புதிதல்ல. காய்களை மேலே எறிந்து மாறி மாறிப் பிடிக்கும் பெண்கள் விளையாட்டான அம்மானைக்கு என்றே பாட்டு வகை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி வருகிறது; மாணிக்கவாசகர் திருவம்மானை பாடினார். பின்னால் கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தில் அம்மானை ஓர் உறுப்பாகவே ஆனது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபரர் மதுரைக் கலம்பகம் பாடினார். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் அம்மானைப் பருவம் வைத்தார். கலம்பக அம்மானையின் அமைப்பைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். மூன்று பெண்கள். முதலாமவள் இறைவனைப் பற்றி ஒரு செய்தி சொல்வாள். இரண்டாமவள் அதில் உள்ள முரணைப் பிடித்துக் கேள்வி கேட்பாள். மூன்றாமவள் சிலேடையால் பதில் சொல்லி முடிப்பாள். காய் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதுபோல் பேச்சும் ஆள் மாறும். புலவர்கள் கடவுளை வைத்துச் செய்ததை, கரிசல் காட்டுத் தவில்காரரும் பபூனும் ஆட்டக்காரியும் கேப்பைக் கஞ்சியை வைத்துச் செய்கிறார்கள். இவர்கள் கலம்பகம் படித்துக் கற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. கை வேலையாக இருக்கும்போது வாய் எப்படிச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் ஆகிறது என்பதை இருவரும் தத்தம் வழியில் கண்டுகொண்டார்கள். ஒன்று இலக்கியம், மற்றது கூத்து என்று பிரித்து வைத்தது நம் படிப்பு.

தெருவில் நடந்த வித்தைகளின் பழமையும் குறைந்ததல்ல. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்றில் கலகலக்கும் வாகை நெற்றின் ஓசைக்குக் கயிற்றின் மேல் ஆடுவோரின் பறை உவமையாகிறது. சங்ககாலத்திலேயே கயிறும் பறையும் ஜோடி. பெருக்கல் குறி போல நட்ட மூங்கில்கள், நடுவே கயிறு, மேலே ஒரு சிறுமி, கீழே பறை அடித்தபடி அவளோடு பேசும் தகப்பன்: கழைக்கூத்தாடியின் தெருக்காட்சி இரண்டாயிரம் வருசத்தில் பெரிதாக மாறவில்லை. கீழே இருப்பவர் பேச, மேலே இருப்பவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்று அங்கேயும் அதே பங்கீடு.

மோடி மஸ்தானின் கதை வேறு. அவருக்குப் பேச்சுத்தான் வித்தை. கூடைக்குள் பாம்பு, கயிற்றில் கட்டிய கீரி, துணி போர்த்திப் படுக்க வைத்த ஒரு பையன். கையைக் கட்டாதே, வட்டத்தை விட்டு நகராதே, நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்ற மிரட்டலில் கூட்டம் நின்றுவிடும். ‘இவர் பையில என்ன இருக்கு?’ என்று அவர் கேட்க, போர்வைக்குள்ளிருந்து பையன் சொல்ல, கடைசியில் தாயத்து விற்றுத் தீரும். கீரியும் பாம்பும் சண்டை போட்டதைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் பந்தயம் கட்டியதுபோல் நின்றார்கள் என்றால் அது முழுக்க நாக்கின் திறமை. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய பாம்பையும், 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் பிறகு பிறந்த விழிப்பும் கழைக்கூத்தாடியின் சிறுமியையும் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டன. இரண்டும் நியாயமான சட்டங்கள். பாம்போடும் சிறுமியோடும் சேர்ந்து அந்தப் பேச்சும் போனது.

அதற்கு முன்பே வேறொரு சட்டம் இவர்களைத் துரத்தியது. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது, நாடு முழுவதும் 1952இல்தான் ஒழிந்தது. ஊர் சுற்றிப் பிழைப்பவர் என்றாலே போலீஸ் கண்ணில் சந்தேகம். ஊர்ப் பெரியவர்களையும் தாய்மாரையும் கும்பிட்டு, புகழ்ந்து, தன்னை ஏழையென்று சொல்லிக்கொண்டு தொடங்கும் தெருவித்தைக்காரரின் வாய்ப்பாட்டைக் கேட்கும்போது இந்த வரலாற்றையும் நினைக்க வேண்டும்.

பேச்சு ஏன் பதிவாகவில்லை என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பெயர் வாங்கிய இந்திய வித்தைக்காரர் ஒருவரை ஆங்கிலேயர் ‘ராமோ சாமி’ என்றார்கள். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். 1850இல் அங்கேயே வறுமையில் இறந்தார். வில்லியம் ஹாஸ்லிட் என்ற கட்டுரையாளர் 1821இல் வெளியிட்ட தம் நூலில் அவரைப் போன்ற இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டில் தொடங்கி நான்கு பித்தளைப் பந்துகளை ஒருசேர ஆகாயத்தில் சுழலவிடும் கையை அணு அணுவாக வர்ணிக்கிறார். பாராளுமன்றத்துப் பேச்சு தம்மைக் கூச வைத்ததில்லை, இந்தக் கை கூச வைக்கிறது என்கிறார். அவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதர், வித்தைக்காரர் வாய் திறந்து என்ன சொன்னார் என்று எழுதவில்லை. மொழி தெரியாதவர் கையைத்தானே பார்ப்பார்! ஆனால் மொழி தெரிந்த நம்மவர்களும் கையை மட்டும் எழுதியதற்கு என்ன சமாதானம்?

பபூனுக்கு ஓரளவு முகவரி கொடுத்தது நாடகமேடை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி ஆகியவை தென்மாவட்டத் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் விடிய விடிய நடக்கின்றன. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, இரவு பத்து மணிக்கு மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளிக்கும் முருகனுக்கும் பாட்டு உண்டு, அடி உண்டு. பபூனுக்கு ஒன்றும் கிடையாது. திரை விலகியதும் முதலில் வந்து, கூட்டத்தை உட்கார வைக்கும் பொறுப்பு மட்டும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இவர்களோடு ஊர் ஊராகப் போன அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர் ஒரு நுட்பத்தைக் கவனித்து எழுதினார். கொஞ்சம் பச்சையான நகைச்சுவை வரும்போது பபூன் சனத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மேடையோரம் இருக்கும் ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி அவரிடம் சொல்கிறார். இரண்டு ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை ஊர்ப் பெண்கள் தற்செயலாகக் கேட்டதாக ஆகிவிடுகிறது. மரியாதையும் கெடவில்லை, சிரிப்பும் கெடவில்லை. கரகத்தில் தவில்காரர் இருக்கும் இடத்தில் நாடகத்தில் ஆர்மோனியக்காரர்.

இந்தத் திரும்பிப் பேசும் உத்தி அரசியலுக்கும் உதவியது. சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாஸ், வள்ளி திருமணத்தில் பறவை விரட்டும் கட்டத்தையே வெள்ளையனை விரட்டும் பாட்டாக்கினார். பறவையைப் பார்த்துப் பாடினால் சட்டம் என்ன செய்யும்? செய்தது, பலமுறை சிறையில் வைத்தது. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. அவருக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நாகலாபுரத்துக்காரர். அவர் எழுதிய நாட்குறிப்புகள் பிற்காலத்தில் நூலாக வந்துவிட்டன. பாட்டெழுதியவருக்கு அந்தப் பாக்கியம் இருந்தது. அதே மேடையில் பேசிய பபூன்களில் எத்தனை பேர் நோட்டுப் போட்டார்கள், அவை எந்தக் கரையானுக்குப் போயின?

நோட்டில் எழுதி வைத்தாலும் பாதிதான் வரும். மீதிப் பாதி அந்தந்த ஊரில் கிடைப்பது. வந்து இறங்கியதும் கண்மாயில் தண்ணீர் உண்டா, பஸ் எத்தனை மணிக்கு வராமல் போகும், ஊர்த் தலைவர் எப்படிப்பட்டவர் என்று டீக்கடையில் விசாரிக்க வேண்டும். எந்தச் சாதியைச் சீண்டினால் கலவரமாகும் என்பதும் தெரிய வேண்டும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அருப்புக்கோட்டை என்றால் தறிச் சத்தத்துக்கு ஒரு வசனம் வேண்டும். தேவாங்கர் வீடுகளில் கன்னடம், சுற்றுக் கிராமங்களின் நாயக்கர், ரெட்டியார் வீடுகளில் தெலுங்கு. பல மொழிக்காரர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நொடியில் சிரிப்பு வர வேண்டும். அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தச் சோதனை இல்லை.

இரட்டை அர்த்தம் இந்தக் கலையைப் பிடித்த நோய் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னிரவில் பேச்சு எல்லை தாண்டும். பெண் கலைஞரின் பதில் வெட்டுக்கு இடமில்லாமல் ஆண்களே பேசித் தீர்ப்பார்கள். போலீஸ் அனுமதி மறுப்பதும், மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டு, ஆபாச ஆட்டமோ வசனமோ கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்குவதும் வருசாவருசம் நடக்கிறது. பேசியது ஆணாக இருந்தாலும் பழி ஆடியவள்மேல் விழுகிறது. நல்ல பேச்சு எழுதுவோருக்கு மதிப்பும் கூலியும் இருந்திருந்தால் இந்தச் சரிவு இவ்வளவு தூரம் போயிருக்காது.

மதிப்புக் கிடைத்த ஓர் இடம் உண்டு: சினிமா. 1989இல் வந்த கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாயனக்காரர். வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன், நாடகத்திலிருந்து வந்த நகைச்சுவை எழுத்தாளர். கேட்பவர் நீட்டிக் கேட்கிறார், பதில் சொல்பவர் ஒரே பதிலை விடாமல் சொல்கிறார். முகம் மாறாத அந்தச் சுருக்கமான பதிலில்தான் சிரிப்பு. கரகச் செட்டின் பழைய பங்கீட்டைப் பெண்ணை எடுத்துவிட்டு இரண்டு ஆண்களுக்கு மாற்றியிருக்கிறார் வீரப்பன். தமிழ்நாடு முழுக்க அந்த வசனம் மனப்பாடம். எழுதியவர் பெயர் இங்கேயும் பலருக்குத் தெரியாது.

இப்போது பங்குனிப் பொங்கலில் பபூன் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் பத்துக் கைப்பேசிகள் உயர்கின்றன. பேசியது மறுநாளே யூடியூப்பில் ஏறிவிடுகிறது. முன்பு ஒரு வசனத்தை மாசியில் நரிக்குடியில் தொடங்கி ஆடியில் சாத்தூர் வரை கொண்டுபோகலாம். இனி முடியாது, பந்தல்குடிக்காரர்கள் நேற்றே பார்த்துவிட்டார்கள். செட்டுக்கு முன்பணம் கொடுக்க வரும் விழாக் குழுவினர் கரகத்தில் என்ன புதுசு என்று கேட்டதுபோக, பேச்சில் என்ன புதுசு என்றும் கேட்கிறார்கள்.