அனுப்பியவர்களின் கடிதம்: தரங்கம்பாடி அனுபவமும் பேராக் தமிழ்ச் சபைகளின் ஊழிய ஆயத்தமும்

காம்பாரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுப்பார். ஊழியத்தின் கடினமான நேரம் அந்த ஐந்து நிமிடந்தான் என்று எனக்குப் பல ஆண்டுகளாகத் தோன்றிவருகிறது. "ஐயா, இன்னிக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீளம்" என்பார் ஒருவர். "எங்க வீட்டுப் பக்கம் வந்து மூணு மாசமாச்சு" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் கையை மட்டும் கொடுத்துவிட்டுப் படியிறங்குவார். அதுதான் அதிகம் வலிக்கும். அடுத்த ஊரின் ஆராதனைக்கு நேரமாகிவிட்டிருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் காரின் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருக்க, போதகர் தாப்பா சாலையில் விரைவார். அவர் என்ன கேட்டார், எதை மனத்தில் சுமந்து போகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஊழியத்துக்கு ஆயத்தப்படுவதைப் பற்றி நம் சபைகளில் நிறையப் பேசுகிறோம். உபவாசம், அதிகாலை ஜெபம், வேதவாசிப்பு, பரிசுத்த வாழ்க்கை எல்லாம் அதில் வரும். இவற்றில் ஒன்றும் மிகையில்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் பாடுகளை நோக்கியே திரும்பியிருக்கிறது. குறைகூறலை எதிர்கொள்ள யாரும் யாரையும் ஆயத்தப்படுத்துவதில்லை. அந்த ஆயத்தமும் ஊழியருடைய தனிப்பட்ட கடமையாகவே கருதப்படுகிறது. குறைகூறலுக்கான ஆயத்தம் அனுப்பப்படுகிறவரிடம் தொடங்குவதற்கு முன்பே அனுப்புகிறவர்களிடம் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றைத் தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் ஊழியத்தின் முதல் பதின்மூன்று ஆண்டுகளிலிருந்து, அதாவது 1706 முதல் 1719 வரையிலான தரங்கம்பாடியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பேராக்கின் லுத்தரன் சபைகளுக்கு அது நேரடிப் பூர்வீகம். அங்கிருந்து வளர்ந்த தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் வேலை தேடி வந்தவர்களே இங்கு அந்தச் சபைகளைத் தொடங்கினார்கள். மற்ற மரபினருக்கும் அதே வேர் அந்நியமானதல்ல, ஏனென்றால் நாம் எல்லாரும் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் அச்சுவரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

பாடும் குறைகூறலும் ஒன்றல்ல. பாடு படுகிறவருக்கு ஒரு கௌரவம் கிடைக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்கிற நமக்கு சிபில் கார்த்திகேசுவின் பெயர் தெரியும். பாப்பானில் எதிர்ப்புப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்காக ஜப்பானியரின் இராணுவப் போலீசான கெம்பெய்தாய் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியான அவர் வாய்திறக்கவில்லை. அந்தக் காயங்களால் 1948இல் பிரிட்டனில் இறந்தார். அடுத்த ஆண்டு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஜார்ஜ் பதக்கம் பெற்றவர்; ஈப்போவில் ஒரு சாலையே அவர் பெயரில் இருக்கிறது. அவர் பட்ட பாட்டைச் சமூகம் தன் பாடாக ஏற்றுக்கொண்டது. குறைகூறல் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: மனிதருக்கு இருக்கும் கௌரவத்தையும் அது எடுத்துவிடுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் தம் துன்பங்களை வரிசைப்படுத்துகிறார். அடிகள், கல்லெறி, கப்பற்சேதம், பசி எல்லாம் வந்தபின் கடைசியாகச் சபைகளைக் குறித்த அன்றாடக் கவலையை வைக்கிறார். அந்த வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கடிதங்களுக்குத்தான் பாரம் உண்டு, ஆளோ பலவீனமானவர் என்று அதே கொரிந்தியர்தான் சொன்னார்கள். கல்லெறிந்தவர்கள் அவரைச் சபைக்கு வெளியிலிருந்து எறிந்தார்கள். கொரிந்தியர் சொன்னதோ அவர் பெற்ற பிள்ளைகளின் பேச்சு.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று ஐன்றிக் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் இறங்கினார். இருவரையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். தரங்கம்பாடிக் கோட்டையை ஆண்ட டேனிஷ் கம்பெனிக்கு அவர்கள் வருவதில் விருப்பமில்லை. அனுப்பியவர்களுக்குள்ளேயே பிளவு இருந்தது. அதன் விலையை வந்தவர்கள் கொடுத்தார்கள். கோட்டைத் தளபதி ஹாசியஸ் முதல் நாளிலிருந்தே முகம் கொடுக்கவில்லை. இருபத்து நான்கு வயது இளைஞர் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதக் கற்றார். ஊழிய ஆயத்தம் என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது அந்த விரல்தான். ஜெர்மனியின் ஹாலேயில் படித்துக் குருப்பட்டம் பெற்ற ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இணையாகத் தரையில் உட்கார்ந்து பிழை செய்கிறார், திருத்தப்படுகிறார், அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். திருத்தம் கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கே உடலில் பதிந்தது. பின்னால் அது அவரைக் காத்தது.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். காரணம் ஒரு கடன் வழக்கு. இறந்துபோன தமிழ் நாவிதர் ஒருவரின் விதவைக்காக அவர் பரிந்து பேசியதைக் கலகம் என்று ஹாசியஸ் கருதினார். சிறை நான்கு மாதம். அந்தச் சிறையில் அவர் எழுதிய நூல்களில் ஒன்று, போதிக்கும் ஊழியம் கடவுளுக்குப் பிரியமாய் இருக்க வேண்டிய முறையைப் பற்றியது. இதை வாசகர் கவனிக்க வேண்டும். ஊழியரின் தகுதியையும் கடமையையும் பற்றி எழுதும் தெளிவு அவருக்குச் சிறையில் வாய்த்தது என்றால், பாடுகளுக்கான ஆயத்தம் அவரிடம் நிறைவாக இருந்தது என்று பொருள். வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1715இல் அது அச்சாகி வெளிவந்தது. நம் வேதபாடசாலைகளில் சீகன்பால்குவின் கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும்: சிறை, வெற்றி, அச்சகம். மீதிக் கதை சொல்லப்படுவதில்லை.

மீதிக் கதையில் இரண்டு விதமான குறைகூறல்கள் இருக்கின்றன. முதலாவது, அவரே கேட்டு வாங்கியது. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் 1709இல் வந்து சேர்ந்த யோகான் எர்ன்ஸ்ட் கிருண்ட்லரும், சுற்றிலுமிருந்த தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதங்களாகப் பதில் வாங்கினார்கள். ஏறத்தாழ நூறு கடிதங்கள் வந்தன. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, தாங்கள் போதிக்கிறபடி நடப்பதில்லை என்று எழுதினவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். அவற்றை ஊழியர் இருவரும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அவை அச்சிடப்பட்டன. தம்மைத் தாங்கிவந்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் கையிலேயே, அவர்களைக் குறைசொல்லும் தமிழ்க் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த ஊழியர்கள் இவர்கள். அந்தக் கடிதங்களை மதமாற்ற உத்திக்கான தகவல் சேகரிப்பு என்று மட்டும் படிப்பவர்கள் உண்டு. அந்த நோக்கமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் உத்திக்காக மட்டும் கேட்டவருக்குத் தம் இனத்தார் மீது வந்த குற்றச்சாட்டை வெட்டி எறிவது எளிதாயிருந்திருக்கும். அவர்கள் வெட்டவில்லை.

இரண்டாவது வகை, கேட்காமலே வந்தது. அதுவும் தம் பக்கத்திலிருந்து. உடன் ஊழியர் போவிங்குடன் சீகன்பால்குவுக்கு ஒத்துப்போகவில்லை. போவிங் ஐரோப்பா திரும்பி ஊழியத்தைக் குறைசொல்லி எழுதினார். இதில் சீகன்பால்குவின் பக்கமும் தவறு உண்டு. அவர் முன்கோபி, விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். அடுத்து, 1713இல் தென்னிந்தியக் கடவுளரின் வம்சாவளி பற்றிய தம் பெருநூலை ஹாலேக்கு அனுப்பினார். ஆவிக்குரிய தந்தைபோல் அவர் மதித்த அகஸ்டு ஹெர்மன் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய கேள்வி. அந்நூல் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தென்னிந்தியச் சமய ஆய்வின் முன்னோடியாக மதிக்கப்பட்ட நூல், அதுவரை அனுப்பியவர்களின் மேசையில் குப்பையாகக் கிடந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் கடுமையானது கோபன்ஹேகன் ஊழியக் குழுவின் செயலாளர் கிறிஸ்டியன் வெண்டிடமிருந்து வந்தது. வெண்ட் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்போஸ்தலர்கள் பணப்பையும் வீடும் இல்லாமல் சுற்றி நடந்தார்கள், நீங்களோ பள்ளிக்கூடம், கட்டடம், குடும்பம் என்று ஓரிடத்தில் வேரூன்றுகிறீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். உடலுக்குச் செய்யும் ஊழியமும் ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பது சீகன்பால்குவின் பதில். தர்க்கத்தில் சீகன்பால்குவின் பக்கமே பலம் என்பது என் முடிவு. பள்ளிக்கூடமில்லாமல் வாசிக்கத் தெரிந்த சபை எங்கிருந்து வரும்? வாசிக்கத் தெரியாத சபைக்கு அச்சிட்ட வேதாகமத்தால் என்ன பயன்? ஆனால் வலித்த இடம் தர்க்கமல்ல. ஹாசியஸ் அதிகாரத்தின் மொழியில் பேசினார். அதைத் தாங்க முடிந்தது. வெண்ட் பேசியது பக்தியின் மொழி. சீகன்பால்கு சிறுவயதிலிருந்து நம்பிய அதே வேதவசனங்கள் அவருக்கு எதிராகத் திருப்பப்பட்டன. சிறையில் அவரைத் தேற்றிய புத்தகமே இங்கே குற்றப்பத்திரிகையாக வந்து நின்றது.

1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு இறந்தார். வயது 36. அடுத்த ஆண்டு மார்ச்சில் கிருண்ட்லரும் இறந்தார். வெண்டின் கடிதங்கள்தான் இருவரையும் தின்றன என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறேன். சீகன்பால்கு இளமையிலிருந்தே உடல்நலம் குன்றியவர். தரங்கம்பாடியின் வெயிலும் ஓயாத வேலையும் போதுமான காரணங்கள். ஆனாலும் சாகும் காலத்தில் ஒரு மனிதரின் மேசையில் எந்தக் கடிதம் இருந்தது என்பது சிறிய விஷயமல்ல.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். மனுஷருடைய நியாயத்தீர்ப்பு தமக்கு அற்ப காரியம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? ஊழியர் தாழ்மையில் முதிர்ந்தால் எந்தக் குறைகூறலும் அவரை அசைக்காது. ஆகவே ஆயத்தம் கடைசியில் தனிமனிதருடையதே என்று சொல்லலாம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைப் பவுல் எழுதிய முகவரியைப் பார்க்க வேண்டும். அவர் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைக்கவில்லை, தீமோத்தேயுவின் காதில் சொல்லவுமில்லை. குறைசொன்ன சபைக்கே எழுதினார், சபையில் சத்தமாக வாசிக்கப்படும்படி எழுதினார். ஊழியரை எப்படி எண்ண வேண்டும் என்று அந்தப் பகுதி கற்பிப்பது குறைசொல்லுகிறவர்களுக்குத்தான். கொரிந்து நிருபங்கள் இரண்டையும் இப்படிப் படித்தால், அவை விமர்சிக்கும் சபைக்கான ஆயத்தப் பாடங்களாக விரிகின்றன. கோபன்ஹேகனில் அப்படியொரு பாடம் நடக்கவில்லை. சீகன்பால்கு தமிழரின் நூறு கடிதங்களில் குறைகேட்டு முடித்திருந்தார். அவர் ஊழியத்தை மேற்பார்த்த குழு ஒருமுறைகூட அவர் நிலத்தில் நின்று கேட்கவில்லை.

பேராக்குக்குத் திரும்புகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரத்தின் இடத்தில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்தபின் நம் சபைகளின் உருவமே மாறிவிட்டது. லயத்தில் இருந்தபோது உபதேசியார் பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று எல்லாருக்கும் தெரியும். குறைசொன்னவர்களே மாலையில் அவருக்குக் கறி கொடுத்தனுப்புவார்கள். இன்று பிள்ளைகள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். முதியவர்கள் மீந்திருக்கிறார்கள், பல்கலைக்கழகம் காம்பாருக்கு வந்தபின் சில மாணவர்களும் வந்துபோகிறார்கள். போதகர் இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொதுவானவர். வாசலில் கைகொடுக்கும் ஐந்து நிமிடமும், நள்ளிரவில் வாட்சப் குழுவில் வரும் செய்தியுந்தான் அவருக்கும் சபைக்கும் இடையில் மிஞ்சியிருக்கிறது. தரங்கம்பாடிக்கும் கோபன்ஹேகனுக்கும் இடையில் அன்று கப்பல் போய்வர மாதங்கள் பிடித்தன. காம்பாருக்கும் தாப்பாவுக்கும் அரைமணி நேரம். ஆனால் ஒருவர் நிலையை அறியாமல் அவருக்குத் தீர்ப்பு எழுதும் தூரம் குறைந்துவிட்டதா என்பது எனக்குச் சந்தேகமே.

சீகன்பால்குவுக்கு முதலில் புளூட்சோவும் பிறகு கிருண்ட்லரும் துணையிருந்தார்கள். நம் போதகருக்கு அப்படி ஒருவர் இல்லை. பக்கத்து ஊர்ப் போதகர் எந்த மரபினராய் இருந்தாலும் மாதம் ஒருமுறையாவது இருவரும் கூடி ஜெபிக்கவும் மனம்விட்டுப் பேசவும் சபையே நேரம் ஒதுக்கித் தர வேண்டும். குறையைக் கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போதகர் சபையாரிடம் கேள்விகள் கொடுத்து, பெயரிட்ட பதில்களை வாங்கி, ஒரு மூப்பரோடு உட்கார்ந்து வாசிக்கலாம். 1712இல் நடந்தது 2020களில் நடக்க முடியாததல்ல. வாட்சப்பில் பெயரில்லாமல் சுற்றும் சொல்லுக்கும் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சபை அப்போது தானாகவே உணரும்.

அடுத்த போதகர் காம்பாருக்கு வரும்போது வரவேற்பு மாலைக்கும் விருந்துக்கும் ஏற்பாடு செய்யும் சபைக்குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். அவர் வருவதற்கு முந்திய வாரம் ஒரு மாலை, அவர் இல்லாமலே கூடுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசியுங்கள். அவரிடம் குறை சொல்ல வேண்டி வந்தால் யார் சொல்வது, எங்கே, எந்த வார்த்தையில் சொல்வது என்று அன்றே பேசி முடிவெடுத்துவிட்டு, அதன்பின் அவருக்காக ஜெபியுங்கள்.