வேலூர்க் கோட்டையும் டாலிகஞ்ச் கோல்ஃப் திடலும்

இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா மாநகரின் தென்பகுதியில் டாலிகஞ்ச் என்றோர் இடம் உண்டு. மெட்ரோ ரயிலில் அங்கு இறங்கி வெளியே வருபவர், நெரிசல் மிகுந்த சாலையை ஒட்டி நீண்டு செல்லும் மதில் ஒன்றைக் காண்பர். மதிலுக்கு அப்பால் ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்பில் பசும்புல்வெளியும், அதன் நடுவே இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் ஒரு மாளிகையும் இருக்கின்றன. வில்லியம் குருக்ஷாங்க் என்னும் ஸ்காட்லாந்து வங்கியாளர் 1895இல் தோற்றுவித்த டாலிகஞ்ச் கிளப் அதுதான். குதிரையேற்றம், டென்னிஸ், நீச்சல் என்று பல விளையாட்டுகள் அங்குண்டு. எனினும் அதன் பெருமையெல்லாம் பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் திடலையே சார்ந்தது.

உறுப்பினரல்லாதார் நுழைய முடியாத அந்தத் தனியார் மன்றத்தைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். ஏரியும் வயலுமாகக் கிடக்கும் வில்லியனூர், பாகூர்க் கிராமங்களில் வாழ்வோர்க்குக் கோல்ஃப் மட்டை கண்ணில் படாத பொருள். ஆயினும் அந்தப் புல்வெளியின் கதையைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அது வேலூர்க் கோட்டைக்கும், அங்கிருந்து வில்லியனூர் வெளிகளுக்கும் நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. கோல்ஃப் ஸ்காட்லாந்து நாட்டார் உலகுக்கு அளித்தது. வில்வித்தையைப் புறக்கணித்து மக்கள் இதிலேயே மூழ்கிவிட்டனர் என்று 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றம் இதனைத் தடை செய்தது, தடை நிலைக்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரையூரில் இருபத்திரண்டு குழிகளாக இருந்த ஆட்டம் 1764இல் பதினெட்டாகக் குறைந்தது; பிற்காலத்தில் அதுவே எங்கும் வழக்கமாயிற்று. நாலேகால் அங்குல அகலமுள்ள குழியில், நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அப்பாலிருந்து அடித்துவரும் சிறு பந்தை வீழ்த்தவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்குண்டு. அதற்குக் குறைவான அடியில் முடிப்பவர் வல்லவர்.

கோலும் பந்தும் கொண்டு ஆடுவது நம் நாட்டு முஸ்லிம் அரசர்களுக்குப் புதிதன்று. டில்லியின் முதல் சுல்தான் குத்புத்தீன் ஐபக், 1210இல் லாகூரில் சவ்கான் ஆடுகையில் குதிரையோடு விழுந்து உயிர் நீத்தார். பேரரசர் அக்பர் பலாச மரப் பந்தைக் கனலாக்கி இருளிலும் ஆடினார் என்று அபுல் ஃபஸ்ல் குறித்திருக்கிறார். ஆனால் சவ்கான் குதிரைமேல் ஆடப்படுவது. போர்ப் பயிற்சியை ஒத்தது. கோல்ஃபோ ஓய்வாக நடந்து ஆடுவது.

கும்பினியாரோடு வந்த ஸ்காட்லாந்தியர் 1829இல் கல்கத்தாவை அடுத்த டம்டமில் ஒரு கோல்ஃப் மன்றம் கண்டனர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றி இன்றும் நிலைத்திருக்கும் மன்றங்களில் மூத்தது அதுவே. பம்பாயில் 1842இல் ஒன்று அமைந்தது. நம் பக்கத்தில் கொடைக்கானல் மன்றம் 1895இல் பிறந்தது. டம்டம் மன்றம் பின்னர் மைதானத்துக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாலிகஞ்ச் பகுதிக்கும் இடம்பெயர்ந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் இந்தியா வந்ததையொட்டி அதற்கு ‘ராயல்’ என்னும் அடைமொழியும் கிட்டியது.

கோல்ஃப் திடல் நிலத்தை விழுங்கும். பதினெட்டுக் குழிகளுக்கு நூறு ஏக்கர் என்பது சிக்கனமான அளவே. ஸ்காட்லாந்தின் கடற்கரையில் மணல்மேடும் பள்ளமும் இயற்கையாகவே ஆட்டக்காரனுக்குத் தடைகளாயின. வங்கத்தின் வண்டல் நிலமோ தட்டையானது; ஆகவே ராயல் கல்கத்தா திடலில் குளங்களே தடைகளாக விளங்குகின்றன. ஊசுட்டேரியையும் பாகூர் ஏரியையும் நம்பி நெல் விளைவித்தோர் வழிவந்தவர்களுக்கு, பந்து விழுந்து தொலைவதற்கென்று குளங்கள் என்னும் செய்தி சற்று வியப்பாகத்தான் இருக்கும். சென்னைக் கிண்டியில் இதற்கு நேர்மாறானதொன்று நிகழ்ந்தது. கோல்ஃப் திடலையும் தன்னுள் கொண்டிருந்த குதிரைப் பந்தய வளாகத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்துச் செய்து, ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை மீட்பதாக அறிவித்தது. தொடர்ந்து மழைவெள்ளத்தைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன.

இம்மன்றங்கள் தோன்றிய காலத்தில் வெள்ளையர்க்கேயுரிய வேலிகளாகவே இருந்தன. சென்னை மன்றத்தில் இந்தியர்க்கு இடமில்லாததால் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் எழுந்ததும், கல்கத்தாவில் அதே காரணத்தால் 1907இல் கல்கத்தா கிளப் எழுந்ததும் பலரறிந்தவை. ஆனால் டாலிகஞ்சில் வேலிக்குள் அடைபட்டது விளையாட்டு மட்டுமன்று.

அவ்வூரின் பெயரே வில்லியம் டாலி என்னும் படைத்தலைவரால் வந்தது. கங்கையின் தூர்ந்துபோன பழைய வாய்க்காலை 1770களில் அவர் வெட்டிச் சீர்படுத்தினார். அப்பகுதியில் ஜான்சன் என்னும் ஆங்கிலக் குடும்பத்தார் அவுரித் தோட்டம் அமைத்து மாளிகை கட்டினர். பின்னாளில் அம்மாளிகை மைசூர் இளவரசர்களுடையதாயிற்று. வங்கத்தின் அவுரித் தோட்டத்துக்கு மைசூர் இளவரசர் வந்தது எங்ஙனம்?

1760ஆம் ஆண்டு ஜூலைத் திங்களை நினைவுகொள்வோம். ஆங்கிலத் தளபதி கூட் புதுச்சேரியை வளைக்கும் நோக்குடன் வில்லியனூர்க் கோட்டையைத் தாக்கினார். பிரெஞ்சுக்காரர்க்கு உதவியாக, அப்போது மைசூர் அரசின் தளபதியாயிருந்த ஹைதர் அலி அனுப்பிய குதிரைப்படை அந்நாளில் இவ்வெளிகளில் நின்றது. கோட்டை வீழ்ந்தது, அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. எனினும் நட்பு வீழவில்லை. 1782 ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன், பாகூருக்குத் தெற்கே கடலூரில் கரையிறங்கி, அங்கு பாளையமிறங்கியிருந்த ஹைதர் அலியைச் சந்தித்தார். அதே ஆண்டின் இறுதியில் ஹைதர் மறைந்தார். மைந்தர் திப்பு சுல்தான் 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலில் வாளேந்திப் பொருது ஷஹீதானார். பிரெஞ்சு உறவை ஆங்கிலேயர் ஒருபோதும் மன்னிக்கவில்லை. அப்போரைத் தொடுக்க அவர்கள் சொன்ன காரணமே அதுதான்.

சுல்தானின் மைந்தர்களும் பெண்டிரும் பரிவாரங்களும் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைக்கப்பட்டனர். இளையவர்களில் ஒருவரான குலாம் முஹம்மதுக்கு அப்போது வயது நான்கு. உபகாரச் சம்பளம் உண்டு, வெளியேற உரிமையில்லை. ஏழாண்டு இவ்வாறு கழிந்தது. சிப்பாய்கள் நெற்றிக்குறி அணியலாகாது, தாடி வைக்கலாகாது, புதுவிதத் தலைப்பாகை தரிக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. இந்துவும் முஸ்லிமும் ஒருசேரப் புண்பட்டனர். 1806 ஜூலை 9இல் கோட்டைக்குள் சுல்தானின் மகளுக்குத் திருமணம். மறுநாள் பொழுது விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும் மாண்டனர். கொத்தளத்தில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. அன்றைக்கே ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சிப்பாய்களில் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். கொடி சில மணி நேரமே பறந்தது.

இளவரசர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது அன்றே விவாதத்துக்குள்ளானது. விசாரணைக் குழு உடை உத்தரவையும் குறைகூறியது, இளவரசர்கள் அங்கிருந்ததையும் காரணமாகச் சொன்னது. ஆளுநர் பெண்டிங்க் பிரபு திரும்ப அழைக்கப்பட்டார். ஆயினும் பின்னர் அவரே வங்காளத்தின் தலைமை ஆளுநராக வந்தார். இளவரசர்களுக்கோ மீட்சியில்லை. அவர்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். பெண்டிரில் பலர் வேலூரிலேயே தங்கி அங்கேயே மௌத்தாயினர். அக்குடும்பத்தாரின் கப்றுகள் கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் உள்ளன. தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்றாக்கிய அந்தப் பிரிவு, படைவீரர்க்கு அளித்த தண்டனையைவிட எவ்விதத்திலும் இலேசானதன்று என்பதே என் கருத்து.

டாலிகஞ்சில் குடியேறியோருள் நீண்ட நாள் வாழ்ந்து பேர் நாட்டியவர் அந்தக் குலாம் முஹம்மதே. ஜான்சன் குடும்பத்தின் மாளிகை அவர் உடைமையாயிற்று. கம்பெனி நிறுத்திவைத்திருந்த உபகாரச் சம்பளத்தின் பாக்கி 1840இல் அவருக்குக் கிடைத்தது. கிடைத்ததற்கு நன்றியாக அவர் செய்தது என்ன? தர்மதலாவில் 1842இல் அழகிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். தந்தையின் பெயரால் இன்று திப்பு சுல்தான் பள்ளிவாசல் என வழங்குவது அதுவே. டாலிகஞ்சிலும் ஒரு பள்ளியைக் கட்டினார். அத்துடன் நில்லாமல், பாட்டனாரையும் தந்தையையும் பற்றி ஹைதரிடம் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியிருந்த வரலாற்றை ஆங்கிலத்தில் திருத்திச் செப்பனிட்டு 1855இல் வெளிவரச் செய்தார். தோற்றவர் கதையை வென்றவரே எழுதிவந்த காலத்தில், வென்றவரின் மொழியிலேயே மறுப்பெழுத முனைந்த அம்முயற்சிக்கு நம் வரலாற்று நூல்கள் போதிய இடம் கொடுக்கவில்லை. 1872இல் அவர் மறைந்தார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றபின் அம்மாளிகை கிளப் இல்லமாயிற்று, தோட்டம் திடலாயிற்று. வேலூரிலிருந்து வந்தோர் உலவிய மரநிழலில் வெள்ளைத் துரைமார் மட்டை ஏந்தி நடந்தனர். நாடு விடுதலை பெற்றது, வெள்ளையர் போயினர், மன்றம் நம்மவர் கைக்கு வந்து தழைத்தது. பழைய மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பதும், பெருநகரின் நடுவே பறவைகளும் நரிகளும் அங்கு உலவுவதும் அம்மன்றத்தாரின் பராமரிப்பால்தான் என்பதை மறுக்கலாகாது. அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பியிருந்தால் அம்மாளிகையும் இராது.

கல்கத்தா செல்லும் நம்மவர் தர்மதலாப் பள்ளியில் தொழுதுவிட்டுத் திரும்புவதோடு அமைகின்றனர். தெற்கே டாலிகஞ்ச் வரை செல்பவர், ராயல் மன்றத்தையொட்டி ‘கோல்ஃப் கிளப் சாலை’ என்னும் பெயர்ப்பலகையைக் காணலாம். அதற்கு அண்மையிலேயே இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று இளவரசர் அன்வர் ஷா சாலை. மற்றொன்று இளவரசர் குலாம் முஹம்மது ஷா சாலை.