பால்மரத்தின் மரபைப் படித்த அறிஞர்

நம் ஜொகூர் மாநிலத்துப் பத்து பகாட் வட்டாரத்தில் 2003ஆம் ஆண்டு பப்பாளித் தோட்டங்களில் ஒரு நோய் தோன்றியது. குருத்து அழுகி, மரம் நுனியிலிருந்து மடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்நோய் பிற மாநிலங்களுக்கும் பரவியது. பயிரை நம்பி வாழ்வோர்க்கு நோயின் வரலாறு தம் வாழ்வின் வரலாறேயாகும். இலங்கையில் 1869 முதல் துருநோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. பிரேசிலில் ஹென்றி போர்டின் நிறுவனம் 1928இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் இலைக்கருகல் நோய்க்கு இரையாகி, 1945இல் அந்நாட்டு அரசிடம் விற்கப்பெற்றது.

அக்கருகல் நோய் நம் நாட்டை இன்னும் எட்டவில்லை. எட்டினால் என்னாகும்? நம் மரங்களிற் பெரும்பாலன 1876இல் விக்கம் என்பார் அமேசான் காட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவை. மேலும், ஒரு தாய்மரத்தின் மொட்டையே பல நாற்றுகளில் ஒட்டி வளர்ப்பதால், ஒரே ஒட்டுவகை நட்ட காட்டில் மரமெல்லாம் ஒரே மரபினவாம். ஒன்றை வீழ்த்தும் நோய் யாவற்றையும் வீழ்த்த வல்லது. எனவேதான் ரப்பர் மரத்தின் மரபை ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. அவ்வாராய்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் மக்சூதுல் ஆலம் ஆவார்.

ஆலம் இன்றைய வங்காள தேசத்தின் பரித்பூரில் 1954இல் பிறந்தவர். 1971 விடுதலைப் போரில் தந்தையை இழந்தார். ஆசிரியப் பணி புரிந்த தாயாரே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். மாஸ்கோவில் 1982இலும், ஜெர்மனியில் 1987இலும் ஆய்வுப் பட்டங்கள் பெற்ற ஆலம், பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரது பணியின் அருமையைத் தமிழாசிரியர் எளிதில் உணரலாம். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற சுவடி போல்வது. அதனை ஒரே மூச்சில் படித்தல் இயலாது. சிறு சிறு துணுக்குகளாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி வரிசைப்படுத்த வேண்டும். சிதைந்து முறைமாறிய ஏடுகளை வைத்துக்கொண்டு உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை ஈண்டு நினைத்துக்கொள்க.

ஹவாயில் 2008இல் வெளியான பப்பாளிச் சுவடி ஆய்வில் ஆலம் பெரும்பங்கு கொண்டார். நச்சுயிரி நோயைத் தாங்குமாறு மரபு மாற்றப்பெற்ற வகையே அவ்வாய்வுக்குக் கொள்ளப்பட்டது. பப்பாளியில் நோய் எதிர்ப்புக்குரிய மரபணுக்களில் ஒருவகை மிகக் குறைவு என்பது அதனால் வெளிப்பட்டது.

பின்னர், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ரப்பர் ஆய்வை நடத்தினார். எடுத்துக்கொண்டது நம் தோட்டங்களில் பலரும் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுவகை. அதன் சுவடியில் ஏறத்தாழ 215 கோடி எழுத்துகள். அவற்றுள் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை திரும்பத் திரும்ப வருவன. ஆதலால் 2013இல் வெளியான வரைவில் சுமார் 110 கோடி எழுத்துகளையே ஒழுங்குபடுத்த முடிந்தது. ஆயினும், பால் சுரப்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் உரிய பல மரபணுக்கள் அதில் இனங்காணப்பட்டன.

அயல்நாடுகளில் பெற்ற அறிவைத் தாய்நாட்டுக்கு அளிக்கவும் ஆலம் தவறவில்லை. சணலின் மரபு படிக்கப்பெற்ற செய்தி 2010இல் வங்காள தேசத்து நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2012இல், சணலையும் வேறு 500க்கு மேற்பட்ட தாவரங்களையும் தாக்கும் ஒரு பூஞ்சணத்தின் மரபையும் அவர் குழு வெளியிட்டது. காக்க வேண்டிய பயிரையும் அழிக்க வரும் பகையையும் ஒருங்கே அறிதல் அவர் நெறி. 2014 டிசம்பரில் ஹவாயில் காலமானார். சணல் பற்றிய விரிவான கட்டுரை 2017இலேதான் அச்சேறியது. அதனைக் காண அவர் இல்லை.

அதே 2017இல் புதியதோர் இலையுதிர்வு நோய் மலேசிய ரப்பர் மரங்களில் காணப்பட்டது. மரபை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்ட அளவில் நோய் நீங்கிவிடாது. அதைக் கொண்டு நோய் தாங்கும் வகையைத் தேர்ந்து வளர்க்கப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பாளர் நம் வகுப்பறைகளிலிருந்தும் எழுதல் வேண்டும். பெற்றோர் பால் வெட்டிய மரத்தின் மரபை அவர்தம் பிள்ளைகள் படித்தறியும் நாள் வருமாயின், அதனினும் பெரிய பயன் தோட்டப் பள்ளி ஆசிரியனுக்கு வேறில்லை.