கண்ணாடிக் காளானும் ஊதா வெளிச்சமும்: ஒரு பழைய பெட்டியின் கதை

இந்த எபிசோட்ல ஒரு பழைய பெட்டியைத் திறந்து பார்க்கப் போறோம்.

அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் கடைகளில் இது அடிக்கடி கண்ணில் படும். சின்ன சூட்கேஸ் அளவு பெட்டி. உள்ளே வெல்வெட் துணி. அதில் கறுப்பாக, தடிமனாக ஒரு கைப்பிடி. பக்கத்தில் கண்ணாடிக் குழாய்கள். ஒன்று காளான் மாதிரி, ஒன்று சீப்பு மாதிரி. விளக்கத் தாள் எப்போதோ தொலைந்து போயிருக்கும். இது விளக்கா, ஆய்வகக் கருவியா? வாங்கியவருக்கே தெரியாது.

சரி, துப்பறிவோம்.

முதல் தடயம் பிளக். சில பெட்டிகளில் ஒயரின் முனை பல்ப் மாதிரி மரை போட்டு இருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் வந்ததே விளக்குக்காகத்தான். சுவரில் பிளக் பாயின்ட் கிடையாது. பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் மற்ற கருவிகளைத் திருகுவார்கள்.

இரண்டாவது கைப்பிடி. அது பேக்கலைட் என்றால், கருவி 1907-க்கு முந்தையதாக இருக்க முடியாது. லியோ பேக்லண்ட் அந்தப் பிளாஸ்டிக்கை உருவாக்கியதே அந்த வருஷம்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். கண்ணாடிக் குழாய்க்குள் பல்பில் இருப்பது போன்ற இழை இல்லை. காற்றைப் பெருமளவு உறிஞ்சிவிட்டு மூடியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குழாய் ஒளிர ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அப்படியென்றால் அந்தக் கைப்பிடிக்குள் இருப்பது ஒரு குட்டி டெஸ்லா காயில்!

மூன்றையும் சேர்த்தால் விடை கிடைத்துவிடும். இதன் பெயர் ‘வயலட் ரே’ மெஷின். 1910-களிலிருந்து சில பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த ‘மருத்துவக் கருவி’.

வேலை செய்யும் விதம் இதுதான். வீட்டு மின்சாரத்தை ஒரு அதிரும் தொடுப்பு விட்டு விட்டுத் துண்டிக்கும், காலிங் பெல் மாதிரி. அந்தத் துடிப்புகள் கெப்பாசிட்டர் வழியாகக் காயிலுக்குப் போய், உயர் அதிர்வெண், உயர் மின்னழுத்த மின்சாரமாக மாறும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் காற்று, முக்கியமாக நைட்ரஜன், ஊதாவாக ஒளிரும். தோலில் வைத்தால் மெல்லிய தீப்பொறிகள், ‘சொர்ர்’ என்ற சத்தம், ஓசோன் வாசனை.

இவ்வளவு வோல்ட் இருந்தும் ஏன் ஷாக் அடிப்பதில்லை? நம்ம ஆளுங்க உடனே ‘ஸ்கின் எஃபெக்ட்’ என்பார்கள். அது செம்புக் கம்பிக்குப் பொருந்தும். இந்த அதிர்வெண்ணில் மனித உடலுக்குப் பொருந்தாது. உண்மையான காரணம் இரண்டு. மின்னோட்டம் மிகக் குறைவு. அதோடு, அவ்வளவு வேகமான துடிப்புக்கு நரம்புகளால் ஈடுகொடுக்க முடியாது. 1890-களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் டார்சொன்வால் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். அதே காலத்தில், 1891-இல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் உரையாற்றியபோது, ஒயர் இணைப்பே இல்லாமல் கண்ணாடிக் குழாய்களை ஒளிர வைத்தார்.

ஆக, இயற்பியல் நூற்றுக்கு நூறு உண்மை. சிக்கல் அதன் மேல் ஒட்டிய வாக்குறுதியில்தான். ஆஸ்துமா, மூட்டுவலி, தூக்கமின்மை, முடி உதிர்தல் என்று விளம்பரப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கண் முன்னால் ஊதா வெளிச்சம் வருகிறது, தோல் சிலிர்க்கிறது. நோயாளி நம்பாமல் என்ன செய்வார்? அந்த நம்பிக்கையில் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால் இழப்பு யாருக்கு?

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் 1906 சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே பார்த்தது. மருத்துவக் கருவிகள் சட்டத்துக்குள் வந்தது 1938-இல். அதற்குப் பிறகு பறிமுதல்கள், வழக்குகள். தயாரிப்பாளர்களில் ஒன்றான மாஸ்டர் அப்ளையன்சஸ் 1951-இல் இந்தியானாவில் வழக்கைச் சந்தித்தது.

இங்கே ஒரு திருப்பம் இருக்கு. 1926-இல் பாஸ்டனில், வில்லியம் போவி உருவாக்கிய கருவியை வைத்து ஹார்வி குஷிங் மூளைக் கட்டி அறுவை செய்தார். அதுவும் உயர் அதிர்வெண் மின்சாரம்தான். ஆனால் சக்தி மிக அதிகம். ரத்தப்போக்கை நிறுத்த முடிகிறதா என்பதை அறுவை மேஜையிலேயே பார்த்துவிடலாம். இன்று நம்மூர் ஆபரேஷன் தியேட்டர்களில் ‘காட்டரி’ என்று சொல்வது அதன் வாரிசைத்தான். வயலட் ரேயின் வாரிசும் இங்கேயே இருக்கிறது: பியூட்டி பார்லரில் முகத்தில் வைக்கும் ‘ஹை ஃப்ரீக்வென்சி’ கண்ணாடிக் கோல்.

அடிப்படை அறிவியல் ஒன்றுதான். ஒன்று தன்னை நிரூபித்துக் காட்டியது. இன்னொன்று வெளிச்சத்தைக் காட்டியதோடு சரி. அடுத்த முறை ஒரு ஹெல்த் கருவியின் விளம்பரத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இது இயங்குகிறதா? சரி. ஆனால், குணமாக்குகிறதா?

கடைசியா ஒண்ணு. இந்தப் பெட்டி கையில் கிடைத்தால் பிளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள். ஒயரின் மேலுறை நொறுங்கியிருக்கும். அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு நம்ம 230 வோல்ட் தாங்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. அலமாரியில் வைத்து ரசியுங்கள், போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.